இன்மை அறிக்கை

ஒவ்வொரு வருடமும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு படிவம் வரும். தாழ்வான பகுதி எது, உடையக்கூடிய கண்மாய் எது, ஆட்களைத் தங்க வைக்கப் பள்ளிக்கூடம் உண்டா என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருப்பார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கே, கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் போக வேண்டிய ஒரு ஊரில் அப்போது நான் வி.ஏ.ஓ. மேட்டு நிலம், செம்மண். எவ்வளவு பெய்தாலும் தெருவில் தண்ணீர் நிற்காது. ஆகவே ஆபத்தைப் பற்றிக் கேட்ட கட்டங்களிலெல்லாம் 'இன்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். 2018-லும் அப்படித்தான் முடிந்தது.

புயலென்றால் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மாதிரி கடலோர ஊர் ஆட்கள் பயப்பட வேண்டிய விஷயம் என்பதுதான் எங்கள் கணக்கு. நவம்பர் 15 மாலை மேலிடத்து உத்தரவுப்படி தலையாரியை வைத்து, புயல் வருகிறதென்று தமுக்கு அடித்துச் சொன்னோம். "கடல்லேருந்து இங்க வந்து சேர்றதுக்குள்ள காத்து களைச்சுப் போயிரும் சார்" என்றார் டீக்கடையில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். தண்ணீர் பிடித்து வையுங்கள் என்று ஊருக்குச் சொன்னேனே தவிர, என் வீட்டில் ஒரு குடம்கூடக் கூடுதலாகப் பிடித்து வைக்கவில்லை.

தெருக்கோடியில் ஒரு அப்பத்தா மட்டும் அண்டா, குடம், குத்துப்போணி என்று வீட்டிலிருந்த அத்தனை பாத்திரத்திலும் பிடித்துக்கொண்டிருந்தது. "என்ன அப்பத்தா, வீட்ல கல்யாணமா?" என்று கேட்டேன்.

"அம்பத்திரெண்டுல அடிச்சப்ப எனக்கு ஒம்போது வயசுய்யா. எங்கப்பா மாட்ட அவுத்து விடல." அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. கொட்டகைக்குப் போய்ப் பசுவையும் கன்றையும் அவிழ்த்துவிட்டு வந்தது. அது சொன்னது 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயல் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

16-ஆம் தேதி அதிகாலை கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, நேரே மேற்காக எங்கள் மேல் வந்தது. முதலில் வடக்கிலிருந்து அடித்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தெற்கே திரும்பி அடித்தது. வடக்குக் காற்றில் வேர் ஆட்டம் கண்டு நின்ற தென்னைகளைத் தெற்குக் காற்று வந்து சாய்த்தது. விடிந்து வெளியே வந்தால் எனக்கு ஊரே அடையாளம் தெரியவில்லை. எப்போதும் தோப்பு மறைத்துக்கொண்டிருக்கும் பக்கத்து ஊர்க் கோயில் கோபுரம் என் வாசலிலிருந்து தெரிந்தது. பாட்டன் வைத்த பலா மரங்கள் வேரோடு ஒரு ஆள் உயர மண்ணையும் பெயர்த்துக்கொண்டு கிடந்தன. கொட்டகை சரிந்து மாடுகள் செத்திருந்தன. அப்பத்தாவின் பசு மட்டும் மந்தையில் நின்று தென்னங்கீற்றைத் தின்றுகொண்டிருந்தது.

காற்று ஒரு ராத்திரியோடு போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் எங்களை ஆட்டி வைத்தன. மின்கம்பங்கள் வரிசையாக ஒடிந்து கிடந்தன. எங்கள் ஊருக்குக் கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. எங்கள் பக்கம் போர் போட்டால் 700, 800 அடி போக வேண்டும். மோட்டார் ஓடவில்லையென்றால் குடிக்கத் தண்ணீர் கிடையாது. பழைய கிணறுகளில் பாதியைக் குப்பை போட்டே தூர்த்திருந்தோம். மீதியில் தண்ணீர் இருந்ததும் இல்லாததும் யாருக்கும் தெரியாது. அடிபம்பு எப்போதோ காற்று வாங்க ஆரம்பித்துவிட்டது. மாவு ஆட்ட கிரைண்டர், பேச செல்போன், எல்லாமே அந்த ஒற்றை ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தன. 1952-ல் ஊரில் கரண்டே கிடையாது. அதனால் அது போய்விடுமே என்ற பயமும் இருந்திருக்காது.

சாலையில் கிடந்த மரங்களை இளவட்டங்கள் அரிவாளால் வெட்டினார்கள். மரம் அறுக்கும் மெஷின் யாரிடம் இருக்கிறது என்று என்னைக் கேட்டார்கள். எந்தப் பட்டாதாரர் யாருக்கு எத்தனை சென்ட் விற்றார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. மூன்றாம் நாள் டிராக்டரில் ஜெனரேட்டர் ஏற்றி வந்து மேல்நிலைத் தொட்டியை நிரப்பினோம். அதற்கு வாடகை கொடுக்க ஊரில் வசூல் செய்தோம். ஃபிரிட்ஜ் நின்றதும் இன்சுலின் போடுபவர்கள் என்ன செய்வது என்று தவித்தபோதும் அப்பத்தாதான் வழி சொன்னது. மண்சட்டியில் மணலைப் போட்டு, தண்ணீர் தெளித்து, அதில் பாட்டிலைப் புதைத்து வைக்கச் சொன்னது. அப்பத்தாவுக்கு சர்க்கரை கிடையாது. வெற்றிலையை அப்படித்தான் வாடாமல் வைத்திருக்குமாம்.

அப்புறம் கணக்கெடுப்பு. தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை அறுத்து அகற்ற 500, ஆக 1,100. அடங்கலில், அதாவது கிராமத்துச் சாகுபடிப் பதிவேட்டில், ஏறிய மரத்தைக் கணக்கில் காட்டுவதில் சிரமமில்லை. வீட்டுக் கொல்லையில் நின்ற நாலு மரத்தில் குடும்பம் நடத்தியவர்கள் என் முன்னால் வந்து நின்றபோது என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் திணறினேன். சிலர் பட்டாவையும் ரேஷன் கார்டையும் தெருவில் கல் வைத்துக் காயப்போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். மை கரைந்து, சர்வே எண் இருந்த இடத்தில் ஊதாக் கறைதான் இருந்தது.

அடுத்த வருடமும் அதே படிவம், அதே கட்டங்கள். கிணற்றுக்குக் கட்டம் இல்லை. 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி நானே எழுத ஆரம்பித்தேன்: தண்ணீர் உள்ள கிணறு, கயிறு வாளி இருக்கிறதா, ஜெனரேட்டர், அறுவை மெஷின், இன்சுலின் போடுபவர்கள், மாசமாக இருப்பவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள். அதை ஒரு தாளில் சுருக்கிப் படிவத்தோடு இணைத்து அனுப்பினேன். 'கேட்ட விவரம் மட்டும் அனுப்பவும்' என்று திரும்பி வந்தது. சரி என்று தாளை எடுத்துவிட்டுப் படிவத்தை அனுப்பினேன். நோட்டை மட்டும் விடவில்லை.

மாற்றல் வந்தபோது அதைப் புதிதாக வந்தவரிடம் கொடுத்தேன். "இது எந்தப் பதிவேடு சார்?" என்று புரட்டிப் பார்த்தார். நம்பர் இல்லாத பதிவேடு என்றேன். வாங்கி பீரோவில் வைத்தார்.

இப்போது இருக்கும் ஊர் இன்னும் உள்ளே. புயலென்றால் டி.வி.யில் பார்ப்பதுதான். சேர்ந்த முதல் நாள் தலையாரியிடம், இறைக்கிற கிணறு எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "ரெண்டு இருக்கு சார்" என்றார். போய்ப் பார்த்தோம். ஒன்றில் ராட்டினம் இல்லை. இன்னொன்றில் ராட்டினம் இருந்தது. அதில் யாரோ கொடிக்கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள்.