மெத்தைக்கு அடியில்

ஜூன் 3

போன் வரவில்லை.

ஜூன் 4

மறுபடியும் 'தி கைட் ரன்னர்', காலித் ஹொசைனியின் நாவல். காபூல், 1975 குளிர்காலம், கதை சொல்லும் அமீருக்குப் பன்னிரண்டு வயது. வீட்டு வேலைக்காரர் அலியின் மகன் ஹசன்தான் அவன் விளையாட்டுத் தோழன். அவனை அசெஃப் என்ற முரட்டுப் பையன் சந்துக்குள் சீரழிப்பதைப் பார்த்துவிட்டு அமீர் ஓடிப்போகிறான். அமீர் செய்த பாவம் என்றால் எல்லோருக்கும் அந்தச் சந்துதான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சின்னப் பையன், பயந்துவிட்டான். பயம் மட்டும் இல்லை என்பதை அமீரே சொல்லிவிடுகிறான்: போட்டியில் அறுத்த அந்த நீலப் பட்டம் கைக்கு வந்தால் அப்பா பாபாவின் அன்பு கிடைக்கும், அதற்கு ஹசன் விலை. இதை ஒளிக்காமல் சொல்வதால்தான் அவன் கதையை நம்ப முடிகிறது.

ஜூன் 5

ராத்திரி முழுக்க அந்த மெத்தை. பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு பாபா கொடுத்த கைக்கடிகாரம், கூடவே கொஞ்சம் நோட்டுகள். அலியும் ஹசனும் வெளியே போன நேரம் பார்த்து ஹசனைத் திருடனாக்கி வீட்டை விட்டு அனுப்ப, அவன் மெத்தைக்கு அடியில் செருகுகிறான். அரை மணி நேரம் காத்திருக்கிறான். அப்புறம்தான் பாபாவின் கதவைத் தட்டுகிறான். போய் எடுத்துவிட முப்பது நிமிடம் இருந்தது. சந்தில் அவனுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

எடுத்தாயா என்று பாபா கேட்டதும் ஹசன் ஆம் என்கிறான். அமீர் சந்தில் எல்லாவற்றையும் பார்த்தது ஹசனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறான். திருட்டு ஒன்றுதான் பாவம், மற்றதெல்லாம் அதன் வகை என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்த பாபா உடனே மன்னித்துவிடுகிறார். அமீர் போட்ட கணக்கு அங்கே பொய்த்துப்போகிறது. காரணம் 2001இல் பெஷாவரில் பாபாவின் நண்பர் ரஹீம் கான் சொல்லித்தான் தெரிகிறது: ஹசனும் பாபாவின் பிள்ளை. பொய் சொன்னால் அடுத்தவனுக்குச் சேரவேண்டிய உண்மையைத் திருடுகிறாய் என்றவர், இரண்டு பிள்ளைகளிடமும் அதைத் திருடியிருக்கிறார்.

ஜூன் 6

மாஞ்சா. பொடித்த கண்ணாடியும் பசையும் கலந்து, அதில் நூலை இழுத்து, மரங்களுக்கு நடுவே கட்டிக் காயவைத்து, மறுநாள் மரக்கட்டையில் சுற்றுகிறார்கள். நம்மூர் மாதிரியேதான். பனி உருகும்போது காபூல் பையன்கள் விரலெல்லாம் குறுக்கே வெட்டு.

ஜூன் 8

மாதுளை. திருப்பி அடி, அடி என்று அமீர் எறிகிறான். ஹசன் ஒன்றை எடுத்துத் தன் நெற்றியிலேயே நசுக்கிக்கொள்கிறான். மேலே படிக்க முடியவில்லை.

ஜூன் 9

ஹசனின் மகன் சொராபை மீட்க, வளர்ந்த அமீர் காபூல் திரும்புகிறான். இப்போது தாலிபானாகிவிட்ட அசெஃபிடம் அடிவாங்கும்போது சிரிக்கிறான். விலா உடைகிறது, மேலுதடு பிளக்கிறது, ஹசன் பிறந்தபோது இருந்த பிளவு மாதிரியே. பாவம் கழிந்தது என்று பலரும் புத்தகத்தை மூடும் இடம். தண்டனை வாங்கியது அமீரின் தேவை. அதில் சொராபுக்கு என்ன கிடைத்தது? உண்டிவில்லால் அசெஃபின் இடது கண்ணை அடித்து இவனை வெளியே கொண்டுவருவதே அந்தப் பிள்ளைதான். மறுபடியும் ஹசன் வீட்டார்தான் காப்பாற்றுகிறார்கள்.

உடம்பு நோவு கடனை அடைத்துவிடும் என்றால் எவ்வளவு சுலபம்.

ஜூன் 10

இஸ்லாமாபாத். அநாதை இல்லத்துக்கு அனுப்பமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வக்கீல் பேச்சைக் கேட்டு, கொஞ்ச நாள்தானே என்கிறான் அமீர். வாய் தவறி இல்லை, யோசித்தே சொல்கிறான். சொராப் குளியல் தொட்டியில் மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான். நல்லவனாகத் திரும்பிய பிறகு செய்த துரோகம் இது.

போன் வரவில்லை.

ஜூன் 12

வாஹித் வீடு, காபூல் போகும் வழியில் அமீர் ஒரு ராத்திரி தங்கும் ஏழை வீடு. போனமுறை இதை எப்படித் தவறவிட்டேன்? பையன்கள் தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள் என்று நினைத்து அதைக் கழற்றிக் கொடுக்கிறான். அவர்கள் பார்த்தது அவன் சாப்பாட்டை. காலையில் யாரும் பார்க்காதபோது ஒரு கை நோட்டை மெத்தைக்கு அடியில் வைக்கிறான். மறுபடியும் கடிகாரம், பணம், மெத்தை. இந்த முறை கொடுப்பதற்கு. ஆனாலும் ஒளித்துத்தான்.

ஒளிக்காமல் செய்வது சான் பிரான்சிஸ்கோவில், சாப்பாட்டு மேசையில். ஹசாரா பையன் என்று, ஆப்கானிஸ்தானில் தாழ்வாக நடத்தப்படும் இனத்தின் பெயரால், மாமனார் சொராபைச் சொல்கிறார். என் முன்னால் இனி அப்படிச் சொல்லாதீர்கள், அவனுக்குப் பெயர் இருக்கிறது, சொராப் என்கிறான் அமீர். ஹசன் என் நண்பன் இல்லை, வேலைக்காரன் என்ற சொல் ஒருகாலத்தில் அசெஃப் முன்னால் அவன் நாக்கு நுனிவரை வந்திருந்தது.

ஜூன் 13

அந்த முப்பது நிமிடம் அவன் எங்கே உட்கார்ந்திருந்தான்?