வாலைத் தொட்டுப் பார்த்த காலை

எங்கள் ஆய்வுகூடம் மலைச்சரிவில் இருக்கிறது. மார்கழியில் மூடுபனி ஜன்னல்வரை வந்துவிடும். எஃகு மேசையில் வைத்த கை விறைத்துப்போகும். அப்படியொரு காலையில், மயக்கத்தில் கிடந்த எலியின் இதயத்தை அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். விஸ்டார் இன எலி, கால் கிலோ எடை. நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் துடிக்க வேண்டிய இதயம் 200ஐச் சுற்றியே நின்றது. சுருங்கும் வலுவும் குறைந்திருந்தது. நாங்கள் கொடுத்துவந்த மருந்து இதயத்தைக் கெடுக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். அடுத்த எலியும் அப்படியே.

விலங்குக்கூடத்தைப் பராமரிக்கும் பெரியவர் பக்கத்தில் நின்றார். தோட்டத்து லயத்தில் மாடு கன்றுகளோடு வளர்ந்தவர். "தம்பி, திரையை அப்புறம் பார்க்கலாம். வாலைத் தொட்டுப் பாருங்கள்" என்றார்.

தொட்டேன். சில்லென்றிருந்தது.

மயக்கத்தில் எலியால் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ள முடியாது. எடை கொஞ்சம், தோற்பரப்போ அதற்கு மிக அதிகம்; சூடு விரைவில் போய்விடும். போதாததற்கு நெஞ்சு மயிரை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, இரவெல்லாம் அலமாரியில் குளிர்ந்த ஜெல்லையும் நானே பூசியிருந்தேன். உடல் குளிர்ந்தால் துடிப்பும் தளரும். மலைக்குளிரை அளந்துவிட்டு மருந்தின் பெயரை எழுதியிருக்கிறேன்! அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. குறுக்கே கோடிட்டுக் காரணத்தை எழுதினேன்.

நான் மாணவனாக இருந்தபோது, நோய் வாராவாரம் எப்படி வளர்கிறது என்று அறிய, ஒவ்வொரு வாரமும் சில எலிகளைக் கொன்று அறுத்துப் பார்ப்போம். வாரத்துக்கு 8 என்றால் நான்கு வாரத்துக்கு 32 உயிர்கள். இப்போது அல்ட்ராசவுண்டால், கொல்லாமலே, அதே 8 எலிகளை நான்கு தடவையும் பார்க்க முடிகிறது. எங்களிடம் இருப்பது பச்சிளங்குழந்தைகளின் இதயம் பார்க்கும் கருவிதான். எலிக்கு அது போதும். சுண்டெலியின் சின்ன இதயத்தை நுட்பமாகப் பார்க்க இன்னும் அதிக அதிர்வெண் கொண்ட ஒலி இருந்தால் நல்லது, அதற்கு எங்களிடம் வசதியில்லை.

விலங்குச் சோதனைக்கு ரஸல், பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் 1959இல் மூன்று நெறிகளை வகுத்தார்கள்: மாற்று வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி. இரண்டாவதைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்த நான் மூன்றாவதைக் கைவிட்டிருந்தேன். குளிரில் விறைத்த உயிர் சரியான எண்ணைத் தராது என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் அதே எலிகளை வெப்பமூட்டும் விரிப்பில் கிடத்தி, உடல் வெப்பம் 37 பாகை செல்சியஸில் நிலைத்த பிறகே கருவியை வைத்தேன். இதயங்கள் 300ஐத் தாண்டித் துடித்தன. மருந்தின் மேல் பழியில்லை. அறுத்துப் பார்த்திருந்தால் அந்தக் கேள்வியை மறுபடி கேட்க எந்த எலி இருந்திருக்கும்?

இப்போதெல்லாம் பெரியவர் எனக்கு முன்பே வந்து ஜெல் போத்தலை வெந்நீரில் நிறுத்திவிடுகிறார். மயக்கத்தில் எலியின் கண் மூடாது என்பதால் கண்ணுக்குக் களிம்பிடுவது என் வேலை. எல்லாம் முடிந்ததும், அது தள்ளாடி எழுந்து நான்கு காலில் நடக்கும்வரை இருவரும் கூண்டருகே நிற்போம்.