கம்பத்தின் எண் என்ன?

பக்கத்து வீட்டுப் பெண்ணின் குதிகாலிலிருந்து கண்ணாடிச் சில்லை நான்தான் பிடுங்கினேன். இரவு பதினொரு மணி தாண்டியிருந்தது. ஓசூர்க் கம்பெனி பஸ் இரண்டாம் ஷிப்டுப் பெண்களை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து எங்கள் தெருவுக்குள் வர ஒரு காலி மனையைத் தாண்டியாக வேண்டும். அந்த இடத்தில் இரண்டு தெருவிளக்குகள். இரண்டும் ஆயுத பூஜைக்கு முன்பே அணைந்துவிட்டன. யாரோ குடித்துவிட்டு உடைத்த பாட்டிலின் துண்டு, அவளுடைய ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறியிருந்தது. தையல் பெட்டியில் நூல் பிரிக்க வைத்திருக்கும் இடுக்கியை வெந்நீரில் போட்டெடுத்து, என் வீட்டுக்காரர் செல்போன் வெளிச்சம் காட்ட, இழுத்தேன். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை அந்தச் சில்லு. மறுநாள் அவள் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டாள்; ஒரு நாள் சம்பளம் போயிற்று. "அக்கா, அவர்கள் உட்கார்ந்திருப்பதே தெரியவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் ஓடினேன்" என்றாள்.

நாங்கள் இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. பெயர் வேண்டாம், நாளைக்கும் அதே அலுவலகத்தில் வீட்டு வரி கட்ட வேண்டியவள் நான். அந்த மனை ஏறக்குறைய பத்து சென்ட் இருக்கும். ஆள் உயரத்துக்கு மேல் சீமைக்கருவேலம், அதன் காலடியில் பார்த்தீனியம். மாங்காய்க் காலத்தில் யாரோ வண்டி வைத்து அழுகிய பெங்களூராவைக் கொட்டிவிட்டுப் போவார்கள். வெளியூர்க்காரர்கள் தோத்தாபுரி என்று சொல்வது இதைத்தான். முதலில் ஈ வரும், பிறகு பன்றி, பிறகு நாய். பொழுது சாய்ந்தால் நான்கு நான்கு பேராகக் குடிக்க வருவார்கள். அவர்களுக்கு இருட்டு வசதி, புதர் வசதி, கேட்க ஆளில்லாதது எல்லாவற்றையும்விட வசதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் திண்ணையில் தெருக்காரர்கள் கூடினோம். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். எதைப் பேசினாலும் வரலாற்றிலிருந்துதான் தொடங்குவார். மதராஸ் மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக 1937 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான், தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலத்துக்குள் அடக்கம், அதைக் கொண்டுவந்த ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இதோ ஓசூர்ப் பக்கத்தில் இருக்கிறது என்றார். "அப்படிப்பட்ட மண்ணில் உட்கார்ந்து குடிக்கிறார்கள்" என்று முடித்தார். கடைசி வரிசையில் இருந்த பாட்டி, "மண்ணில்தானே உட்கார முடியும், நாற்காலியா போட்டு வைத்திருக்கிறோம்" என்றாள். கூட்டம் சிரித்துக் கலைவதற்குள் மனுவை எழுதிவிட்டோம்.

அங்கேதான் தப்புச் செய்தோம். விளக்கு எரியவில்லை, புதர் மண்டிக் கிடக்கிறது, குப்பை கொட்டுகிறார்கள், குடிக்கிறார்கள், சாக்கடை அடைத்திருக்கிறது, நாய்த் தொல்லை என்று ஆறு குறைகளையும் ஒரே மனுவில் திணித்தோம். முப்பத்தொரு கையெழுத்து, அதில் ஒரு கைநாட்டு. பெறுநர் என்ற இடத்தில் நான்கு அதிகாரிகளின் பதவிகள். இத்தனை பேருக்குப் போகிறதே, ஒருவராவது அசைய மாட்டாரா என்று நினைத்தோம்.

ஒருவரும் அசையவில்லை. பேரூராட்சி அலுவலகத்தில் மனுவை வாங்கி, மேசையில் இருந்த கட்டின்மேல் வைத்தார்கள். வாங்கியதற்கு அத்தாட்சி கேட்டேன். "நகல் கொண்டு வந்தால் முத்திரை போட்டுத் தருவோம்" என்றார் எழுத்தர். நகல் எடுக்கவே இல்லை. இரண்டு வாரம் கழித்துப் போனபோது, குடிப்பவர்களைப் பிடிப்பது போலீஸ் வேலை என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில், விளக்கைப் போட்டுப் புதரை வெட்டினால் குடிப்பவன் தானாகப் போய்விடுவான், அது பேரூராட்சி வேலை என்றார்கள். மின்வாரியத்தில், கம்பம் எங்களுடையது, விளக்கு பேரூராட்சியுடையது என்றார்கள். தனித்தனியாகப் பார்த்தால் மூன்று பேர் சொன்னதும் சரிதான். எங்களுக்குத்தான் சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்தது.

வார்டு உறுப்பினரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரித் தேர்தலில் ஜெயித்தவர், நல்ல மாதிரி, போன் செய்தால் எடுப்பார். "நிதி வரட்டும் அக்கா" என்பார். விளக்குக்கு நிதி எதற்கு, பல்புக்குத்தானே என்றால் அதற்கும் "வரட்டும் அக்கா" என்பார். என் தங்கை வாழ்க்கைப்பட்டது பர்கூர்ப் பக்கம் ஒரு கிராம ஊராட்சியில். அங்கே ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை. எழுந்து நின்று கேட்டால் தீர்மான நோட்டில் ஏறும். பேரூராட்சியில் இருக்கிற எனக்குக் கிராம சபை கிடையாது. அவளைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, வாத்தியாரையும் சேர்த்து மூன்று பேர் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினோம். திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலில் போலீசார் ஒவ்வொரு பையையும் திறந்து பார்க்கிறார்கள். யாராவது மண்ணெண்ணெய் கொண்டு வந்து மேலே ஊற்றிக்கொள்வார்களோ என்ற பயம். என் பையில் இருந்த தண்ணீர் பாட்டிலை ஒரு பெண் போலீஸ் திறந்து முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த நிலைக்குப் போய் இங்கே வந்து நிற்கிறவர்களும் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது.

வெளியே மர நிழலில் மனு எழுதுபவர் ஒருவர் அட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். எங்கள் மனுவை வாங்கி முதல் பக்கத்தைக்கூட முடிக்கவில்லை. "அம்மா, இது மனு இல்லை, மளிகைச் சீட்டு" என்றார். வாத்தியாருக்கு முகம் சிவந்தது. மனு எழுதுபவரோ சட்டை செய்யவில்லை. "ஒரு மனுவுக்கு ஒரு குறை. அந்தக் குறை யார் கையில் இருக்கிறதோ அவர் ஒருவருக்குத்தான் எழுத வேண்டும். இதை உள்ளே கொடுத்தால் ஆறு குறையில் எது சுலபமோ அதற்குப் பதில் எழுதி மனுவை முடித்துவிடுவார்கள். சரி, விளக்கு என்று எழுதியிருக்கிறீர்களே, கம்பத்தின் எண் என்ன?"

கம்பத்துக்கு எண் உண்டு என்பதே எங்கள் மூவருக்கும் தெரியாது.

அன்று மனுக் கொடுக்காமலே திரும்பினோம். பஸ் செலவு வீண் என்று வாத்தியார் வழியெல்லாம் முணுமுணுத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்க் கம்பத்தைச் சுற்றிப் பார்த்தேன். பெயின்ட் பாதி உரிந்து, மேலே அரசியல் சுவரொட்டி ஒட்டி, அதற்கடியில் எண் இருந்தது. சுவரொட்டியை நகத்தால் சுரண்டி எடுத்தேன். அடுத்த வாரம் மூன்று மனுக்களோடு போனோம். விளக்குக்கு ஒன்று, இரண்டு கம்ப எண்களோடு. மனைக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக் கதவு எண்ணை அடையாளமாகக் காட்டி. குடிப்பதற்கு ஒன்று, எந்த நாள், எத்தனை மணி, ஏறத்தாழ எத்தனை பேர் என்று பதினான்கு நாள் எழுதிவைத்த பட்டியலோடு. மூன்றையும் பதிவு செய்தார்கள். போனுக்கு மூன்று மனு எண்கள் குறுஞ்செய்தியாக வந்தன. சாக்கடையையும் நாயையும் அப்போதைக்கு விட்டுவிட்டோம்.

ஒன்பதாம் நாள் ஏணி வந்தது. ஒரு மணி நேரத்தில் இரண்டு விளக்கும் எரிந்தன. இவ்வளவுதான் வேலை. இதற்கு இரண்டரை மாதம்.

மனை அப்படி இல்லை. "தனியார் இடம், உரிமையாளர் விவரம் தெரியவில்லை" என்று பதில் வந்தது. அதைக் கண்டுபிடிப்பதும் எங்கள் தலையில் விழுந்தது. அந்த மனையை ஒட்டிய வீட்டுக்காரரின் கிரயப் பத்திரத்தை வாங்கிப் படித்தோம். செக்குபந்தி, அதாவது நான்கு பக்க எல்லை எழுதும் இடத்தில், கிழக்கு எல்லையாக இந்த மனையும் அதன் அன்றைய சொந்தக்காரர் பெயரும் புல எண்ணும் இருந்தன. அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்தால் பட்டா யார் பெயரில் என்று காசில்லாமல் பார்க்கலாம். என் மகள் பார்த்துச் சொன்னாள்: அதே பெயர். அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். பிள்ளைகள் பெங்களூரில். பட்டா மாறவே இல்லை.

இந்த விவரத்தையெல்லாம் எழுதிக் கொடுத்தும் ஒரு மாதம் ஓடிவிட்டது. அப்போதுதான் தகவல் உரிமைச் சட்டம், 2005-ஐக் கையில் எடுத்தோம். ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, பதிவுத் தபால். கேட்டது இரண்டே கேள்வி: எங்கள் மனு எண்ணின்மேல் எடுத்த நடவடிக்கை என்ன, உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பியிருந்தால் அதன் நகல். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். இருபத்தாறாம் நாள் பதில் வந்தது, அறிவிப்பின் நகலோடு. அறிவிப்பில் போட்டிருந்த தேதி, எங்கள் தபால் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு மூன்று நாள் பிந்தியது. நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அந்த நகலை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பொங்கல் முடிந்து உரிமையாளரின் மகன் காரில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். இறங்கிய வேகத்தில் கத்தினார். "புதர் என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். குப்பை யாருடையது? பெங்களூரிலிருந்து வந்து நானா கொட்டினேன்?" ஒரு குச்சியை எடுத்துக் குப்பையைக் கிளறினார். மேலாக ஒரு பாலித்தீன் பை பிரிந்து, ரோஜா நிறத்திலும் மாம்பழ மஞ்சளிலும் ஜாக்கெட் துணி வெட்டுத் துண்டுகள் சரிந்தன. பொங்கலுக்கு நான் தைத்தவை. அந்த மஞ்சள் யாருடைய ஜாக்கெட் என்றுகூட எனக்குத் தெரியும். அவளும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. குப்பை வண்டி காலையில் சீக்கிரமே வந்துவிடுகிறது, நான் எழுந்து பால் காய்ச்சுவதற்குள் போய்விடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆறேழு வருடமாக அங்கே வீசியிருக்கிறேன். "அது என் வீட்டுக் குப்பை" என்றேன். அவர் குச்சியைக் கீழே போட்டார். அதன்பின் குரல் இறங்கிவிட்டது.

பேசி முடித்தோம். ஜேசிபி வாடகை அவருடையது. வேலிக்கான கல்தூண்கள் தெருக்காரர்களுடையவை. கருங்கல் பூமியில் கல்தூணுக்கா பஞ்சம்? வீட்டுக்கு வீடு வசூலித்தோம். தெருவில் இரண்டே வீடு கொடுக்கவில்லை. ஜேசிபி ஓடிய அன்று பதினொரு கோணி பாட்டில் சேர்ந்தது. எடைக்கு வாங்க வந்தவர் உடைந்ததைத் தொடமாட்டேன் என்றுவிட்டார்.

மூன்றாவது மனுதான் எனக்குத் தூக்கம் கெடுத்தது. போலீஸ் ஸ்டேஷனில் இந்த முறை மனு ஏற்பு ரசீது கொடுத்தார்கள். இரவு ரோந்து வருகிறவர்கள் கையெழுத்துப் போட ஒரு நோட்டு வைக்க வேண்டும், எந்த வீட்டில் வைக்கலாம் என்று எஸ்.ஐ. கேட்டார். ஆண்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் முனையில் இருக்கும் மளிகைக் கடை ஜன்னலில் பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கவிட்டோம். முதல் மாதம் தினமும் கையெழுத்து விழுந்தது. இப்போது வாரத்துக்கு மூன்று, நான்கு.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் கொத்தனார் ஒருவர் என் மிஷின் பக்கத்தில் வந்து நின்றார். எங்கள் வீட்டுக் கழிவறையைக் கட்டியவர், எனக்குத் தம்பி மாதிரி. "அக்கா, என் பெயரையும் எழுதிக் கொடுத்தீர்களா?" என்றார். யார் பெயரையும் எழுதவில்லை, நேரத்தைத்தான் எழுதினேன் என்றேன். உண்மையும் அதுதான். "வீட்டில் பிள்ளை படிக்கிறாள், அங்கே உட்கார்ந்து குடிக்க முடியாது. அதனால்தான் இங்கே வந்தேன்" என்றார். அதற்கு என்ன சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பாட்டிலை உடைக்காமலாவது இருங்கள் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

அவரும் மற்றவர்களும் இப்போது ஏரிக்கரைக்குப் போகிறார்கள். போன வாரம் ஏரிக்கரைத் தெருவிலிருந்து ஒரு பெண் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தாள். கரையில் விளக்கே இல்லை, காலையில் குழாயடிக்குப் போனால் ஒரே பாட்டிலாகக் கிடக்கிறது, உங்கள் தெருவில் எப்படி மனு எழுதினீர்கள், நகல் இருக்கிறதா என்று கேட்டாள். எங்களால்தான் அவர்கள் அங்கே வந்தார்கள் என்று அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ, முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மூன்று மனுக்களின் நகலையும் எடுத்துக் கொடுத்தேன். அவளும் விளக்கு, பாட்டில், கரை உடைப்பு எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லிக்கொண்டு போனாள். முதலில் ஏரி யாருடையது என்று பார் என்றேன். நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் பொதுவாக உள்ளாட்சி அமைப்பு. எங்கள் ஏரிக்கு எவ்வளவு ஆயக்கட்டு என்று எனக்குத் தெரியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்க வேண்டும். புதன்கிழமை இருவரும் போகிறோம். அதற்குள் ஜாக்கெட்டைத் தைத்து வைக்கச் சொல்லியிருக்கிறாள்.