வம்சாவளி ஏடும் வர்க்கப் பட்டியலும்

சீனாவில் 1949இல் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு நடந்தவற்றைப் பற்றி நம் பக்கத்தில் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் நிலம், தொழிற்சாலை, கட்சி என்ற அளவிலேயே நின்றுவிடும். காரைக்குடிப் பக்கத்தில், முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்குப் பங்காளிகள் அத்தனை பேரும் வந்து கூடும் வீட்டில் வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, அந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது அரசியல் குடும்பத்துக்குள் நுழைந்த விதம்தான்.

1950ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டத்தை ஒட்டி, கிராமந்தோறும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலச்சுவான்தார், பணக்கார விவசாயி, நடுத்தர விவசாயி, ஏழை விவசாயி, கூலி என்று ஒரு வர்க்கம் குறிக்கப்பட்டது. குத்தகையிலும் கடனிலும் நொடித்துப் போயிருந்த உழவர்களின் கோபம் பொய்யானதல்ல. அப்படிப்பட்ட கோபத்துக்கு எங்கள் பக்கமும் காரணமாயிருந்தது: கீழ்ப் பர்மாவில் 1930களின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நெல் வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, வட்டிக்குக் கடன் கொடுத்த எங்கள் செட்டியார்களின் கைக்கு வந்தது. எங்கள் வீடுகளில் அது பின்னால் இழந்த சொத்தின் கதையாகத்தான் சொல்லப்படுமே தவிர, கடனுக்கு அந்த வயலைப் பறிகொடுத்த பர்மிய உழவன் அதை எப்படிச் சொல்லியிருப்பான் என்று எந்த ஐயாவும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் சீனாவில் அந்தக் கோபத்தைக் கட்சி ஊர்க்கூட்டங்களில் மேடையேற்றி, நிலக்காரர்களை அடிக்கவும் கொல்லவும் பழக்கியது. கொல்லப்பட்டவர்கள் பத்து லட்சத்திலிருந்து இருபது லட்சம் வரை இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. உழவர்களுக்குக் கிடைத்த நிலமும் நிலைக்கவில்லை. 1958இல் அது மக்கள் கம்யூன்கள் என்ற பெரிய கூட்டுப் பண்ணைகளுக்குள் போயிற்று. வீட்டு அடுப்பை அணைத்துவிட்டுப் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் உண்ண வேண்டும் என்றார்கள். சமையல் சட்டிகள்கூடக் கொல்லைப்புற இரும்பு உலைகளில் உருகின. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் மாண்டவர்கள் ஒன்றரைக் கோடி என்பாரும் உண்டு, நான்கரைக் கோடி என்பாரும் உண்டு.

நிலம் போன பிறகும் வர்க்கம் மட்டும் போகவில்லை. நிலச்சுவான்தாரின் மகன், ஒரு குழி நிலமும் இல்லாதவனாக இருந்தாலும், நிலச்சுவான்தார் வர்க்கத்தானாகவே எண்ணப்பட்டான். பள்ளிச் சேர்க்கை, வேலை, கல்யாணம் எல்லாவற்றிலும் அந்தக் குறிப்பு முன்னால் வந்து நின்றது. பிறப்பால் வரும் ஏற்றத்தாழ்வை ஒழிக்க வந்தவர்கள், தகப்பன் வழியாக இறங்கும் புதிய பிறப்பு அடையாளம் ஒன்றைத் தாங்களே உண்டாக்கினார்கள் என்பதைச் சாதியை அறிந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இதை எதிர்த்துக் கட்டுரை எழுதிய யூ லுவோகே என்ற பெய்ஜிங் இளைஞர் 1970 மார்ச்சில், தம் 27ஆம் வயதில், மரண தண்டனைக்கு ஆளானார்.

1966இல் மாவோ கலாசாரப் புரட்சியைத் தொடங்கியபோது பழைய சிந்தனை, பழைய பண்பாடு, பழைய வழக்கம், பழைய பழக்கம் என்ற நான்கையும் ஒழிப்பதாகச் செங்காவலர்கள் என்ற மாணவர் படையினர் வீடு வீடாகப் புகுந்தார்கள். முன்னோர் பெயர்ப் பலகைகளும், தலைமுறை தலைமுறையாக எழுதிவந்த வம்சாவளி ஏடுகளும் தெருவில் எரிந்தன. கன்ஃபூசியஸின் ஊரான சூஃபூவில் அவருடைய வம்சத்தாரின் கல்லறைகளைத் தோண்டி உடல்களை வெளியே இழுத்துப் போட்டார்கள். பேழையிலிருந்து முன்னோருக்கான சேலையையும் வேட்டியையும் எடுத்து வைத்துக் கும்பிடும் ஒரு வீட்டில், பத்தாம் வகுப்புப் பையன்கள் சட்டைக் கையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு வந்து, அந்தப் பேழையை முற்றத்தில் கவிழ்த்துத் தீ வைப்பதை நினைத்துப் பார்த்தால்தான் எனக்கு அதன் கொடுமை பிடிபடுகிறது. (காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் யார் வீட்டுப் பாட்டனாரோ சட்டமிட்ட படத்தில் விலைக்கு உட்கார்ந்திருப்பது வேறு கதை. அதற்கு எந்தப் புரட்சியும் தேவைப்படவில்லை.)

எரிந்த ஏட்டை மறுபடி எழுதிக்கொள்ளலாம். பெற்றவர்களோடு உறவை அறுத்துக் “கோடு கிழித்துக்கொள்” என்று பிள்ளைகளுக்கு இட்ட கட்டளைதான் ஆறாத புண்ணாயிற்று. அன்ஹுய் மாகாணத்தின் குஜென் மாவட்டத்தில் ஒரு தாய், 1970 பிப்ரவரியில், வீட்டுக்குள் பேச்சோடு பேச்சாக மாவோவைக் குறை சொன்னார். பதின்ம வயது மகனும் கணவருமே அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1980இல் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு மாற்றப்பட்டது. வழக்கறிஞரான அந்த மகன் 2013இல் ஊரறிய மன்னிப்புக் கேட்டார். அப்பத்தா அடுப்படியில் நின்று காமராசரையும் கருணாநிதியையும் வாய்க்கு வந்தபடி திட்டியதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, வீட்டுக்குள் பேசிய பேச்சுக்கு உயிர் போகும் என்பதும், அதைக் கொண்டுபோய்ச் சொல்வது பிள்ளையின் கடமை என்று பிள்ளையே நம்பும் என்பதும், பஞ்சத்தின் கணக்கைவிட அச்சமூட்டுகின்றன.

1979 ஜனவரியில் பெரும்பாலோர் மீதிருந்த நிலச்சுவான்தார் முத்திரையை அரசு நீக்கியது. 1981இல் கட்சியே கலாசாரப் புரட்சியைப் பெருந்தவறு என்று தீர்மானம் போட்டது. ஆயினும் யார் யாரை அடித்தார்கள் என்பதைத் தோண்டிப் பார்க்க இன்றுவரை இடம் கொடுக்கவில்லை. அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே தெருவில், ஒரே அலுவலகத்தில் பேசாமல் வாழ்ந்து முதுமையடைந்தார்கள். இடையே வம்சாவளி ஏடுகள் திரும்பி வந்தன. கன்ஃபூசியஸ் குடும்பத்தின் புதிய வம்சாவளி 2009இல் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு வெளிவந்தது. அந்தப் பதிப்பில்தான் முதன்முறையாக மகள்களின் பெயர்களையும் சேர்த்தார்கள். கல்யாணமான மகளை வீட்டுக்காரரின் குலக்கோவிலோடு அனுப்பிவிடும் எங்கள் புள்ளிக் கணக்கு (குடும்பங்களைக் கோவில்வாரியாகப் பதியும் கணக்கு) அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை.