அஞ்சல் பட்டியல் திருப்பி அனுப்பினால் முதலில் அஞ்சலின் மூலத்தைத் திறந்து பாருங்கள்

லினக்ஸ் கெர்னல் அஞ்சல் பட்டியல் (ஒரு முகவரிக்கு அனுப்பினால் உறுப்பினர்கள் எல்லோருக்கும் போகும் குழு) போன்ற இடங்கள் வெற்றுரையை, அதாவது வடிவமைப்பு எதுவும் இல்லாத எழுத்தை, மட்டுமே ஏற்கும். மறுத்தால் வரும் பதிலில் உள்ள எண்ணைப் பாருங்கள். 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடங்கல், சர்வரே மறுபடி முயலும். 550 போல 5-இல் தொடங்கினால் அதே அஞ்சலை எத்தனை முறை அனுப்பினாலும் அதே கதைதான். சில பட்டியல்கள் எதுவும் சொல்லாமல் விழுங்கிவிடுவதும் உண்டு.

தடித்த எழுத்தோ வண்ணமோ போடாத அஞ்சலும் எச்டிஎம்எல் (வடிவமைப்புக் குறிகள் கொண்ட வடிவம்) என்று மறுக்கப்படலாம். திரையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்', தண்டர்பேர்டில் கன்ட்ரோல்+யு அழுத்தி, கன்டென்ட்-டைப் வரியைத் தேடுங்கள். 'டெக்ஸ்ட்/பிளெயின்' இருந்தால் சரி. 'மல்டிபார்ட்/ஆல்டர்நேட்டிவ்' இருந்தால் ஒரே செய்தி வெற்றுரையாக ஒருமுறை, எச்டிஎம்எல்லாக ஒருமுறை போயிருக்கிறது. பட்டியல் மறுப்பது அந்த இரண்டாவது பிரதியைத்தான்.

உலாவியில் ஜிமெயில் என்றால் எழுதும் பெட்டியின் அடியிலுள்ள மூன்று புள்ளியில் 'பிளெயின் டெக்ஸ்ட் மோட்' இருக்கும். மொபைல் செயலியை நம்ப வேண்டாம். தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புகளில் எச்டிஎம்எல்லில் எழுதும் தேர்வை நீக்குங்கள். ஒரே ஒரு பதிலுக்கு மட்டும் என்றால் ஷிப்டை அழுத்தியபடி ரிப்ளை கொடுத்தால் போதும்.

பேட்ச் (நிரலில் செய்த மாற்றங்களை வரி வரியாகக் காட்டும் உரை) அனுப்புபவர்களுக்கு இது பாதி வழிதான். ஜிமெயில் உலாவிப் பக்கம் டேப்பை இடைவெளியாக மாற்றும், நீண்ட வரிகளை 78 எழுத்துக்குள் உடைக்கும். அஞ்சல் பட்டியலில் ஏறிவிடும், எடுத்துப் பொருத்துபவரிடம் 'கரப்ட் பேட்ச்' என்று நிற்கும். வரிகளைத் திரை அகலத்துக்கேற்ப மடிக்கவிடும் 'ஃபார்மேட்=ஃப்ளோட்' அமைப்பு இன்னும் நுட்பமாகக் கெடுக்கும்: இடைவெளியில் தொடங்கும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இன்னொரு இடைவெளி சேர்க்கும். டிஃப்பில் (பேட்ச்சில் மாற்றங்களைக் காட்டும் பகுதி) மாறாத வரிகள் எல்லாமே ஓர் இடைவெளியில்தான் தொடங்குகின்றன! தண்டர்பேர்டின் கான்ஃபிக் எடிட்டரில் 'மெயில்நியூஸ்.சென்ட்_பிளெயின்டெக்ஸ்ட்_ஃப்ளோட்' என்பதை ஃபால்ஸ் என்றும், 'மெயில்நியூஸ்.ராப்லெங்த்' என்பதை 0 என்றும் வைக்க வேண்டும். இந்த மல்லுக்கட்டுக்குப் பதில், நிரல் மாற்றங்களைக் கண்காணிக்கும் 'கிட்' கருவியின் அஞ்சல் அனுப்பும் கட்டளையான 'கிட் சென்ட்-ஈமெயில்' போட்டுக்கொள்வதே மேல். ஜிமெயில் கணக்கு என்றால் அதன் அமைப்பில் போர்ட் 587, குறியாக்கம் டிஎல்எஸ் என்று கொடுங்கள். கடவுச்சொல்லாக வழக்கமானதைக் கொடுத்தால் மறுத்துவிடும்; இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, தனியாக ஆப் பாஸ்வேர்ட் (செயலிகளுக்கென்றே கூகுள் தரும் கடவுச்சொல்) எடுக்க வேண்டும்.

தமிழில் எழுதுபவர்கள் மாட்டுவது வரி நீளத்தில். மின்னஞ்சல் வடிவத்தை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5322 ஒரு வரிக்கு 998 எழுத்து என்று உச்சம் வைக்கிறது; நடைமுறையில் அது பைட் கணக்கு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் 'க' 3 பைட், 'கி' 6 பைட். என்டர் தட்டாத ஒரு சாதாரணப் பத்தியே எல்லையைத் தாண்டிவிடும். அஞ்சல் மென்பொருள்கள் பெரும்பாலும் குறியேற்றம் செய்து (உரையை வேறு குறிகளாக, சிறு வரிகளாக மாற்றி) சமாளிக்கும். சொந்த ஸ்கிரிப்டில் அனுப்பினால் நீங்கள்தான் வரியை உடைக்க வேண்டும். மூலத்தின் மேலே உள்ள தலைப்பு வரிகளில் தமிழ்ப் பெயர் '=?' என்று தொடங்கும் குழப்பமான சரமாகத் தெரிந்தால் பதற வேண்டாம், அதுதான் முறையான வடிவம்.

சோதனை அஞ்சலை வேறொரு சேவையிலுள்ள முகவரிக்கு அனுப்பி, வந்து சேர்ந்த பிரதியின் மூலத்தைப் பாருங்கள். அலுவலகச் சர்வர்கள் அனுப்பிய பிறகு அடிக்குறிப்பு ஒட்டுவதால், 'சென்ட்' கோப்புறையில் இருப்பது சுத்தமாகவே தெரியும். பேட்ச் என்றால் அந்த மூலத்தைச் சேமித்து, கிட்டில் புதுக் கிளை ஒன்று எடுத்து, அஞ்சலிலுள்ள பேட்ச்சை நிரலில் பொருத்தும் 'கிட் ஏஎம்' கட்டளையை ஓட்டுங்கள். அது பொருந்திய பிறகு பட்டியலுக்கு அனுப்பலாம்.