ஓஷ் மலையில் உமாய் தாயைத் தேடி

அக்கா மகன் கிர்கிஸ்தானில், ஓஷ் நகரத்தில் டாக்டருக்குப் படிக்கிறான். அவனைப் பார்க்கப் போகிறேன் என்று பேர்தான், உண்மையில் என்னை இழுத்தது உமாய் என்ற பெயர். இஸ்லாம் வருவதற்கு முன்பே துருக்கிய மக்கள் கும்பிட்ட தாய்த்தெய்வம், பிரசவத்துக்கும் கைக்குழந்தைக்கும் காவல். மங்கோலியாவில் 732இல் குல் தெகின் என்ற துருக்கிய இளவரசன் நினைவாக நட்ட கல்வெட்டில், அவனுடைய அண்ணன் தங்கள் அம்மாவை 'உமாய் போன்ற என் தாய்' என்கிறான். பெயரைக் கேட்டதும் நம் உமையம்மைதான் என்று மனசு துள்ளும், எனக்கும் துள்ளியது. ஆனால் பெயர் ஒலிப்பதை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது, விட்டுவிட்டேன்.

சரி, சுலைமான் மலை. ஊருக்கு நடுவில் மொட்டைப் பாறையாக நிற்கிறது, 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். சிலை இல்லை, கருவறை இல்லை, உமாய் பெயரில் ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. இன்று இது சுலைமான் நபியின் மலை. ஆனாலும் பிள்ளை வரம் கேட்டும் இடுப்பு வலி தீரவும் ஒரு சரிவுப் பாறையில் சறுக்குகிறார்கள், தலைமுறை தலைமுறையாகச் சறுக்கிச் சறுக்கி அது கண்ணாடி மாதிரி வழவழத்துக் கிடக்கிறது. என் இடுப்புக்கு வேண்டிக்கொண்டு நானும் உட்கார்ந்தேன், புடவையோடு, அக்கா மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அங்கேதான் ஒரு பாட்டி, வீரிட்டு அழுத பேரக்குழந்தையின் வயிற்றை நீவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார். என்னவென்று அவனைக் கேட்டேன்.

"'என் கை இல்லை, உமாய் எனேயோட கை'ன்னு சொல்றாங்க சித்தி."

எனே என்றால் அம்மா. கிர்கிஸ் பெண்கள் வைத்தியம் பார்க்கும்போது வழிவழியாகச் சொல்வதாம். குழந்தை தூக்கத்தில் சிரித்தால் உமாய் விளையாட்டுக் காட்டுகிறாள் என்பார்களாம். நம் வீட்டில் அதையே நரி காட்டுகிறது என்போம், அவர்களுடையது எவ்வளவோ மேல்!

குழந்தை அடங்கியதும் பாட்டி என்னைப் பார்த்து இடுப்பைத் தொட்டுக் காட்டி, பாறையைக் காட்டினார். ஒருமுறை போதாதாம். மறுபடியும் ஏறி உட்கார்ந்தேன்.