அன்னாளின் முகம்

கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிவிட்டது. "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்விக்குப் பயந்தே சில வீடுகளுக்குப் போவதை விட்டிருந்தேன்.

நேற்று நரிமேடு பேராலயத்தில் ஆராதனை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. ஜெபிக்க வார்த்தையே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அப்போதுதான் வேதாகமத்தில் பிள்ளைக்காக ஏங்கிய அன்னாள் நினைவுக்கு வந்தாள். சீலோ ஊர் ஆலயத்தில் அவள் ஜெபித்ததும் இப்படித்தானே! சத்தமே இல்லாததால், குடித்திருக்கிறாள் என்று ஆசாரியனாகிய ஏலி நினைத்துவிட்டார்.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் ஒரு விஷயம் நேற்றுதான் உறைத்தது. மகன் சாமுவேல் பிறந்த பிறகு அல்ல, அதற்கு முன்பே அவள் முகத்தின் துக்கம் போய்விடுகிறது. எழுந்து போய்ச் சாப்பிடுகிறாள். மடியில் பிள்ளை இல்லை, வயிற்றிலும் இல்லை. பாரத்தை ஆண்டவரிடம் இறக்கி வைத்தாகிவிட்டது, அவ்வளவுதான். ஆபிரகாமும் பிள்ளைக்காகக் காத்திருந்தவர்தான். ஆண்டவரின் வாக்கை நம்பி 75 வயதில் ஊரைவிட்டுப் புறப்பட்டவர், மகன் ஈசாக்கு பிறக்கும்போது அவருக்கு 100. நடுவில் பொறுக்க முடியாமல் அவரும் மனைவி சாராளும், வேலைக்காரி ஆகார் மூலம் பிள்ளை பெற அவர்களாகவே ஒரு வழி தேடினார்கள். அதில் அதிகம் அழுதவள் ஆகார்தான், பாவம்.

வெளியே வந்தால் அத்தை வாசலில் காத்திருந்தார்கள். எதுவும் கேட்கவில்லை. வாழை இலையில் ஈரத்தோடு மடித்து வைத்திருந்த மல்லிகையைப் பிரித்து என் தலையில் வைத்துவிட்டு, "வா தாயி, பசிக்கும்ல, சாப்பிடப் போவோம்" என்றார்கள்.

மூன்றாவது தோசையையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்று காலையிலும் அதே விண்ணப்பம்தான். அழாமல் சொன்னேன்.